சாம்பல் நிறத்தில் இருபத்து மூன்று

"அனுப்பினது வேற, போய்ச் சேர்ந்தது வேற, உள்ள போய் உட்கார்ந்தது வேற. நீங்க இதுல எதைச் சொல்றீங்க?" என்று தொலைபேசியில் யாரையோ உலுக்கிக்கொண்டிருக்கிறார் இந்த அம்மாள். எதிர்முனையில் இருக்கும் எழுத்தர் "ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன் மேடம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். 'நினைக்கிறேன்' என்ற சொல்லை இவரிடம் யாரும் இரண்டாவது முறை சொன்னதில்லை.

ஏழு கட்டடங்கள் கொண்ட பெரிய மருத்துவமனை. நிலத்தடித் தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கணினிகளுக்கும் மென்பொருளை அனுப்பிவிட்டு, அது ஒழுங்காக நிறுவப்பட்டதா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது இவருடைய வேலை. ஊழியர்கள் வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'. அவருக்கும் தெரியும். "கமிஷன் அறிக்கையைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடும். நான் போக மாட்டேனே" என்பார்.

திரையில் ஒவ்வொரு கணினியும் ஒரு கட்டம். முடிந்தால் பச்சை, காத்திருந்தால் மஞ்சள், தோற்றால் சிவப்பு. பதிலே வராவிட்டால் சாம்பல் நிறம். சிவப்பின் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. "அது வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லுது, மரியாதை. இந்தச் சாம்பல் இருக்கே, கல்லுளிமங்கன். அடிச்சாலும் பேசாது."

மஞ்சளுக்குக் காரணம், நிறுவுவதைத் தள்ளிப்போடும் 'பிறகு' என்ற பொத்தான். அறுவைப் பிரிவின் தலைமை மருத்துவர் அதை ஒன்பது நாள் விடாமல் அழுத்தினார். பத்தாவது நாள் கமிஷன் அவரையே அழைத்தது. "டாக்டர், வயித்தைத் திறந்து வெச்சுட்டு 'பிறகு'ன்னு நீங்க எழுந்து போவீங்களா?" அன்று மாலை அந்தக் கட்டம் பச்சையானது. மருத்துவர் மட்டும் நெடுநாள் சிவப்பாகவே இருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மகள், "டீச்சருக்குப் பாடத்தை அனுப்பிட்டேம்மா" என்றால், "திறந்து பார்த்தாங்களா?" என்று கேள்வி வரும். கணவர் பெருமூச்சு விடுவார். "எனக்குக் கல்யாணம் ஆனதே இன்னும் மஞ்சள்லதான் இருக்கு, உங்கம்மா கணக்குல."

சென்ற மாதம் விஷயம் சிரிப்பைத் தாண்டியது. வார்டுகளில் மருந்துச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருளில் ஒரு பிழை. ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால், முதல் ஆளின் மருந்தளவையே இருவருக்கும் அச்சடித்தது. நல்லவேளையாக ஒரு மருந்தாளுநரின் கண்ணில் பட்டது. திருத்திய பதிப்பை அறுநூற்று நாற்பது கணினிகளுக்கு அனுப்பினார்கள். அறுநூற்றுப் பதினேழு பச்சை. இருபத்து மூன்று சாம்பல்.

கணினிப் பிரிவுத் தலைவருக்கு வெள்ளிக்கிழமை கூட்டம். அவர் நல்ல மனிதர். நூறு விழுக்காட்டுக்குக் குறைந்த எதையும் அவரால் சீரணிக்க முடியாது, அவ்வளவுதான். "பேசாத மெஷினைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க மேடம். அறுநூத்துப் பதினேழுக்கு அறுநூத்துப் பதினேழு. நூறு!"

"அந்த வார்டுகள்ல படுத்திருக்கிறவங்களையும் எடுத்துடலாமா சார்?"

"ஏன் மேடம் எல்லாத்துக்கும் சண்டைக்கு வர்றீங்க?"

இவர் எடுக்கவில்லை. எனவே தலைவர் தாமே எடுத்தார். வெள்ளிக்கிழமை சுவர்த்திரை முழுக்கப் பச்சை; வயல்வெளிகூட அவ்வளவு பச்சையாக இருந்திருக்காது. கைதட்டினார்கள். கை தட்டாத ஒருவர் பல்லைக் கடித்தபடி எழுந்து வந்து, இருபத்து மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு படியேறினார்.

இரண்டு நாளில் இருபத்திரண்டைப் பிடித்தார். ஒன்று மாடிப்படிக்கு அடியில் பூந்தொட்டி சுமந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் மின்சாரத்தை ஒரு தேநீர்க் கெண்டி குடித்துக்கொண்டிருந்தது. போகுமிடமெல்லாம் திட்டிக்கொண்டே போனார். திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது.

கடைசி, நான்காம் மாடியில் குழந்தைகள் வார்டு. கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் வலையமைப்போடு இணைக்கும் கம்பி இல்லை.

"கேபிள் எங்க?"

வார்டுப் பொறுப்புச் செவிலியர் தம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "இங்கதான். சீட்டு அடிக்கிற அஞ்சு நிமிஷம் மட்டும் மாட்டுவேன். அப்புறம் கழட்டிடுவேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? நாலாம் கட்டில்லயும் ஒன்பதாம் கட்டில்லயும் ஒரே பேருல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இப்பத்தான் பலகையில பார்த்தேன். எந்தச் சீட்டு யாருக்குப் போகும்னு தெரியுமா?"

"கத்தாதீங்க, பிள்ளைங்க தூங்குது." செவிலியரின் குரல் தாழ்ந்திருந்ததே தவிர சூடு குறையவில்லை. "கீழே உட்கார்ந்து அனுப்புற மகராசி நீங்கதானா? போன தடவை நீங்க அனுப்பினது, நான் சீட்டு அடிச்சுட்டிருக்கும்போதே மெஷினை அணைச்சுப் போட்டுது. பதினோரு மணி மருந்து. பன்னெண்டு பிள்ளைங்க. ஒத்தை ஆளா நின்னு கையால எழுதினேன். ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் தாமதம், வலிப்பு வந்துடுச்சு. போன் பண்ணினா, 'உங்க வார்டு சரியாத்தான் இருக்கு'ன்னாங்க. கேபிளை எதுக்குத் தரணும்?"

போன தடவை தலைவர் அவசரப்படுத்தினார் என்று, கணினிகளை அப்போதே அணைத்து எழுப்பும் 'உடனே மறுதொடக்கம்' ஆணையைக் கொடுத்தது இவர் கைதான். அன்று அந்த வார்டு இவர் திரையில் பச்சையாக இருந்தது.

"இது எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் செவிலியர்.

"நாற்பது நிமிஷம். நடுவுல அணையும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை; பதினோரு மணி மருந்துக்கு இன்னும் அரை மணி. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

இவர் கையை நீட்டினார். செவிலியர் சட்டைப்பையிலிருந்து கம்பியை எடுத்து அதில் வைத்தார். இவர் குனிந்து மாட்டினார்; வேலை தொடங்கிவிட்டதைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் கையை நீட்டினார்.

"இன்னும் என்ன?"

"பேனா. முதல் கட்டில்லேர்ந்து சொல்லுங்க."