பனிக்குள் பாலன்

பனி கொட்டும் கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் ஜனவரிக் கடைசி. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இந்த ஊரில் சூரியனும் லீவு போட்டுவிடுகிறது. அடுக்குமாடி வாசலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ஷவலால் பனியை வாரிக்கொண்டிருக்கிறார்.

"காரைத் தேடுறீங்களா, சார்?" என்று கேட்கிறேன்.

"இல்லைத் தம்பி, குழந்தை யேசுவை. தை ஆறிலை மூண்டு ராசாக்கள் திருநாள் முடிய வாசல் குடிலைப் பிரிப்பம் எண்டு விட்டனான். அதுக்கிடையிலை பனி மூடிப்போட்டுது."

வேறு வேலையில்லாமல் நானும் குனிந்து தோண்டுகிறேன். முதலில் ஒட்டகம் வருகிறது, பிறகு மூக்குடைந்த சூசையப்பர். அதற்கும் கீழே, பனிக்குள் மஞ்சள் வெளிச்சம். குடில் பல்பை மனிதர் அணைக்கவே மறந்திருக்கிறார். பக்கத்தில் பாலன் யேசு கைவிரித்துச் சிரிக்கிறார்.

மேல்மாடி ஜன்னலிலிருந்து அவர் மனைவி கத்துகிறார்: "என்னப்பா, ஆளைக் கண்டுபிடிச்சாச்சோ?"

"ஓமப்பா! உயிரோடைதான் இருக்கிறார்!"