நூறு பர்சென்ட் இன்பராஜ்

ஆம்பூரில் இன்பராஜ் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'டைம் ஆபீஸ் இன்பராஜ்' என்று கேட்டுப் பாருங்கள். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர் யாராயிருந்தாலும் வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை அடக்கிக்கொண்டு, "அவரா, அந்தத் தெருதான்" என்று வழி காட்டுவார். கம்பெனி வாசலில் கடிகாரம் பொருத்திய ஒரு மெஷின் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் பெயர் போட்ட அட்டையை அதில் செருகினால் 'டக்'கென்று நேரத்தை அடித்துக் கொடுக்கும். அட்டை அடித்தவன் வேலைக்கு வந்தவன். அடிக்காதவன் உள்ளே நின்று தோல் வெட்டிக்கொண்டிருந்தாலும் வராதவன்தான். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதே இன்பராஜின் உத்தியோகம்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. சில பேர் வந்து அட்டையை அடித்துவிட்டு, பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து மேட்னி ஷோவுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே கர்த்தர் தன்னைப் படைத்தார் என்று இன்பராஜ் நம்பினார். அதற்கு அவரிடம் ஒரு சூத்திரம் வேறு இருந்தது.

"மனுஷன் வர்ற நேரம் கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும். ஒரு நாள் பஸ்ஸு லேட்டு, ஒரு நாள் வயித்துப்போக்கு. தினமும் ஒரே நிமிஷத்துல ஒருத்தன் அட்டை அடிக்கிறான்னா, அவன் அட்டைக்காகவே வர்ற திருடன்."

கட்டிங் செக்‌ஷன் கோதண்டராமனை இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் பிடித்தார். அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். மனுஷன் அசையவேண்டுமே! "மெஷினை ஏமாத்தலாம்பா, மனசாட்சிய ஏமாத்த முடியுமா?" என்று ஒரு குட்டிப் பிரசங்கம் செய்துவிட்டு, சஸ்பென்ஷன் ஆர்டரையும் கையில் கொடுத்து அனுப்பினார். என்ன மனுஷனோ!

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அவருக்கு இருமல் வந்தது. தோல் ஊரில் இருமலை யார் சட்டை செய்வார்கள்? சுண்ணாம்பு நெடி, கெமிக்கல் நெடி என்று ஆளுக்கொரு காரணம் கைவசம் இருக்கும். சளியில் ரத்தம் தெரிந்த அன்றுதான் பிரிசில்லா அவரை இழுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினார். பிரிசில்லா அவருடைய மனைவி. வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவர். பேச்சு கம்மி. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவான கொயரில் பாடும்போதுதான் அந்த அம்மாவுக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே தெருவுக்குத் தெரியும். அந்தக் குரல் எழும்பினால் பாதிரியாரே கண்ணை மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபராஜ் பார்த்துவிட்டு டி.பி. என்றார். விடாமல் மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதத்தில் போய்விடும், நடுவில் விட்டால் முற்றிவிடும், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டும் என்று எச்சரித்தார். அப்போது அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ரெனிட்டா ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இது சாதா மூடி இல்ல சார். உள்ள சிப் இருக்குது. நீங்க எப்பல்லாம் தொறக்கிறீங்களோ அப்பல்லாம் தேதி, நேரம் எல்லாம் பதிவாகிடும். மாசம் ஒரு வாட்டி கொண்டுவாங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்போம்."

இன்பராஜ் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு களை. இத்தனை வருஷமாகத் திருடர்களுக்கு நடுவில் தனியாக மாரடித்த மனுஷனுக்கு யோக்கியமான சகா ஒருவன் கிடைத்துவிட்டான்.

"பஞ்சிங் மெஷினுங்க இது!" என்றார். "முழுங்கறதையும் பாக்குமா சிஸ்டர்?"

"அதெல்லாம் பாக்காது சார். தொறந்தா சாப்ட்டதா எடுத்துப்போம்."

"எங்க மெஷினும் அப்படித்தான்" என்று பெருமையாகத் தலையாட்டினார்.

வீட்டில் டப்பாவுக்கு டி.வி. மேல் ராஜமரியாதை. பிரிசில்லா தூசி துடைக்கப் போனால்கூட, "தொடாத! தப்பா பதிவாய்டப் போவுது!" என்று பாய்வார். பக்கத்து வீட்டு ஹலீமா பீ கம்ப்யூட்டர் டப்பாவைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தபோது, நாலடி தள்ளி நிற்கவைத்துக் காட்டினார். காலையில் தோல் பதனிடும் டேனரியின் சங்கு ஊதியதும் மூடியைத் திறப்பார். மாத்திரையை முழுங்குவார். அதற்கப்புறம் மத்தியானம்வரை வயிற்றைப் புரட்டும். வாயில் எந்நேரமும் ஆணியைச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. ஆனாலும் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் இருமல் நின்றது, கன்னத்தில் சதை போட்டது, இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போடவேண்டி வந்தது.

சனியன் பிரியாணி ரூபத்தில் வந்தது. கம்பெனி மேனேஜர் நயீம் அகமது தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். ஆம்பூர்க் கல்யாணம், விறகடுப்புப் பிரியாணி. நடுத்தெருவரை வாசனை. அன்று காலையில் இன்பராஜ் மூடியைத் திறந்தார், மாத்திரையைப் பார்த்தார், பிரியாணியை நினைத்தார். இதை முழுங்கினால் அது இறங்காது. ஆனால் மூடியைத் திறக்காவிட்டால் ஆப்சென்ட் விழுந்துவிடுமே! ஆகவே மூடியைத் திறந்து, மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, மூடியை மூடினார். போகிற வழியில் டேனரிக் கழிவு ஓடுகிற கால்வாயில் வீசினார். ஊரில் உள்ள சாயமெல்லாம் போகிற கால்வாய். ஒரு மாத்திரையால் அது என்ன கெட்டுவிடப் போகிறது?

அன்றைக்குப் பிரியாணி தேவாமிர்தமாக இருந்தது. மறுநாள் காலையிலும் வயிறு புரட்டவில்லை. அதற்கு மறுநாளும் மாத்திரை கால்வாய்க்குப் போயிற்று. இருமல்தான் நின்றுவிட்டதே, இனி எதற்கு இந்த பேஜார் என்று தனக்குத் தானே காதில் பூச் சுற்றிக்கொண்டார். ஆனால் ஒரு நாள்கூட மூடியைத் திறக்காமல் இருக்கவில்லை. சங்கு ஊதும்போதே கை மூடிமேல் இருக்கும். தான் செய்வதற்கும் கோதண்டராமன் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். தோன்றவே இல்லை. அட்டையில் ஆப்சென்ட் இல்லாதவரைக்கும் அவர் கணக்கில் அவர் யோக்கியர்தான்.

அடுத்த மாதம் சிஸ்டர் ரெனிட்டா கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். தினத்துக்கு ஒரு புள்ளி. அத்தனை புள்ளியும் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன.

"நூறு பர்சென்ட் சார்! இவ்ளோ நேரான கோட்ட நான் பாத்ததே இல்ல!"

இன்பராஜ் கண்ணைச் சுருக்கிப் புள்ளிகளைப் பார்த்தார். ஒரே நிமிஷம். தினமும் ஒரே நிமிஷம். இந்த அட்டை மட்டும் டைம் ஆபீசில் அவர் கையில் கிடைத்திருந்தால் மத்தியானத்துக்குள் ஆளின் சீட்டைக் கிழித்திருப்பார். அறையில் வேறு யாருக்காவது அந்தக் கண் இருக்கிறதா என்று திருட்டு முழி முழித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். அப்பாடா, படித்தவர்கள்! ஒருத்தருக்கும் சந்தேகமில்லை.

அதோடு விட்டார்களா? நோயாளிகள் கூட்டத்தில் அவரை மேடையேற்றி, துண்டு போர்த்தி, பேசவும் சொன்னார்கள். இவரும் கூசாமல் 'நேரம் தவறாமை' என்ற தலைப்பில் வெளுத்து வாங்கினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிரிசில்லா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை மடித்துப் பைபிள் பக்கத்தில் வைத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது இருமலும் திரும்பி வந்தது. இந்தத் தடவை மூச்சைப் பிடித்து உலுக்கியது. இன்பராஜ் துளசி என்றார், மிளகு என்றார், ஃபேன் காற்று என்றார். அப்போதாவது மாத்திரையை முழுங்கினாரா? அதுவும் இல்லை. இப்போது ஆரம்பித்தால், இதுவரை விட்டதைத் தானே ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்! சாயங்காலமானால் பிரிசில்லாவுக்கும் லேசாக ஜுரம் அடித்தது. அந்த அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. வேலூர் போன அன்று, கணவருக்கு எடுத்த கையோடு தனக்கும் சளி டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் ஜெபராஜ் முகம் தொங்கிப்போயிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இன்பராஜ் சார், கிருமி திரும்பவும் இருக்குது. ஒரு நாள் விடாம சாப்ட்டும் சாவலன்னா, இது மருந்துக்கு அடங்காத டி.பி.யா இருக்கலாம். முழு டெஸ்ட்டு வர நாளாவும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. ஊசி ஆரம்பிக்கணும், பல மாசம் தினமும். சில பேருக்கு அதுல காது கேக்காமப் போய்டும்."

போனால் போகட்டும் காது, மானம் போகக்கூடாது என்று இன்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடுங்க சார்" என்றார்.

டாக்டர் அடுத்த காகிதத்தை எடுத்தார். "அம்மாவுக்கும் இருக்குது. உங்ககிட்டேர்ந்துதான் ஒட்டியிருக்கும். உங்களுக்குக் கேக்காத மாத்திரை அவங்களுக்கும் கேக்காதுன்னுதான் வெச்சிக்கணும். அவங்களுக்கும் அதே ஊசிதான்."

"எனக்கும் காது போய்டுமா சார்?" என்று பிரிசில்லா கேட்டார்.

"எல்லாருக்கும் போவாதும்மா. ஆனா போவாதுன்னு உறுதியா சொல்ல முடியாது."

பிரிசில்லா ஜாக்கெட் கையை மெதுவாக மேலே ஏற்றினார். "போடுங்க சார். எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் தவறாம சாப்ட்டவரு. நான் கண்ணால பாத்தேன், சங்கு ஊதறப்போ தினமும் டப்பா தொறப்பாரு. அவருக்கே கேக்கலன்னா எனக்கு மட்டும் கேக்குமா?"

அந்தக் குரலில் பெருமை இருந்தது. ஐயோ, அந்தப் பெருமை! திட்டியிருந்தால்கூட இன்பராஜ் தாங்கியிருப்பார். ஏறிய ஜாக்கெட் கையைப் பார்த்தார். நாளைக்கு இவள் கொயரில் நின்று, தன் பாட்டுத் தனக்கே கேட்காமல் வாயை அசைத்தால்? நாற்காலி கிறீச்சிட எழுந்து நின்றார்.

"சார், அட்டைய அடிச்சேன் சார். ஆளு உள்ள போவல."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா அட்டை?"

"சுவர் ஏறிக் குதிச்சிட்டேன் சார்."

"எந்தச் சுவரு? சிஸ்டர், இவருக்கு ஜுரம் இருக்குதா பாருங்க."

இருபது வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு டைம் ஆபீஸ் கதைகளையும் கேட்டவர் பிரிசில்லா. ஏற்றிய ஜாக்கெட் கையை நிதானமாக இறக்கிவிட்டார்.

"மூடியத் தொறந்து மூடியிருக்காரு சார். மாத்திரைய முழுங்கல" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே, "எப்பலேர்ந்து?" என்று கேட்டார்.

"நயீம் பாய் வூட்டுப் பிரியாணிலேர்ந்து."

டாக்டர் ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்தக் கோட்ட சென்னை மீட்டிங்ல போட்டுக் காட்டினேனேய்யா! கைதட்டினாங்களேய்யா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சிஸ்டர் ரெனிட்டா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் டாக்டர் பெருமூச்சு விட்டு, ஊசிச் சீட்டு இரண்டையும் கிழித்தார். முழு டெஸ்ட்டு வரட்டும், அதுவரை இரண்டு பேருக்கும் பழைய மாத்திரையே, முதலிலிருந்து. மாத்திரை உள்ளே போகாததால்தான் கிருமி சாகவில்லை, போனால் கேட்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி என்றார்.

சிஸ்டர் இரண்டு புது டப்பாக்களைக் கொண்டுவந்தார். இரண்டிலும் சிப் மூடி.

"இந்த மூடி வேணாம் சிஸ்டர்" என்றார் பிரிசில்லா. "சாதா டப்பா குடுங்க. நான் இருக்கேன்."

அந்த அம்மா இரண்டு டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஆம்பூர்வரை வந்தார்.

மறுநாள் காலை இரண்டு டம்ளர் தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிரிசில்லா முதலில் வாயில் போட்டு முழுங்கினார். கொஞ்ச நேரத்தில் முகம் கோணிற்று. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குமட்டலை அடக்க நெஞ்சைத் தடவினார். அந்தக் குமட்டல் எப்படி இருக்கும் என்று ஊரிலேயே இன்பராஜைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தன்னால் தாங்க முடியாமல் கால்வாயில் வீசியதை, தன்னாலேயே இவள் தினமும் முழுங்க வேண்டும். அவர் மாத்திரையை வாயில் போட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நாக்கில் மாத்திரை கரைந்து கசந்தது.

பிரிசில்லா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல முழுங்குங்க. அப்புறம் அழுவலாம்."