இடது மூலையில் நின்றவர்கள்

எங்கள் ஏரிமேட்டுச் சடுகுடு குழுவில் ஆறு பேர் வருஷக்கணக்காக அதே ஆறு பேர்தான். ஏழாவது ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான். இடது மூலையில் நிற்பவன் அவன். எதிரணிக்காரன் பாடிக்கொண்டு உள்ளே வந்ததும் முதலில் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டியவன்.

முதலில் அப்பாவு நின்றான். முழங்கால் போனது. பொன்னேரி சாலையில் சைக்கிள் கடை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பிறகு வந்தவனுக்குத் தோள்பட்டை. அடுத்தவனை, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக, அவன் அம்மாவே மைதானத்துக்குள் புகுந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திருப்பாச்சூரிலிருந்து ஒருவனை அழைத்து வந்தார்கள். ஒரே பந்தயம். ஆக்கி வைத்த சாப்பாட்டைக்கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். இன்னொருவன் ஆவடியில் வேலை கிடைத்துவிட்டதென்று சொல்லிவிட்டுப் போனான். வேலை எதுவும் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அறுபத்தாறாம் வருஷம் எத்திராஜ் நின்றான். ஆரணியாற்று மணலில் பந்தயம். ஊத்துக்கோட்டைக்காரன் ஒருவன் பாடி வந்தான். எத்திராஜ் அவன் காலைப் பிடித்தான். நல்ல பிடிதான். ஆனால் வந்தவனின் மொத்தக் கனமும் எத்திராஜின் பிடரியில் இறங்கியது. மணலில் முகம் புதையக் கிடந்தவன் எழுந்திருக்கவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அடுத்த அறுவடைக்குள் போய்விட்டான். அதுவரை அவனுக்குக் கஞ்சி ஊட்டியதும், புரட்டிப் போட்டு முதுகு துடைத்ததும் அவன் தங்கை கன்னியம்மா. உள்ளூரிலேயே தேசப்பனைக் கட்டியிருந்ததால் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

எத்திராஜைப் பார்க்கத் தவறாமல் வந்த ஒரே ஆள் ஆதிநாராயணன். குழுவின் தலைவன். இடது மூலைக்குப் பக்கத்து இடம் அவனுடையது. மூலைக்காரன் காலைப் பிடித்த அந்தக் கணத்திலேயே பக்கவாட்டில் பாய்ந்து வருகிறவனின் உடம்பைத் தடுத்துத் தாங்குவது அவன் வேலை. சாத்துக்குடி வாங்கிவந்து, எத்திராஜின் மரத்துப்போன பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுவான். தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் பேசியது. அவன் ஆட்டத்தில் அவுட் ஆனதைப் பார்த்தவர்களும் எங்கள் ஊரில் குறைவு. மூலைக்காரன் விழுந்து, வந்தவன் தப்பித்துக் கோட்டைத் தொட்டுவிட்டால்கூட ஆதிநாராயணன் மேல் ஒரு விரல் பட்டிருக்காது. அதை அவன் சாமர்த்தியம் என்றார்கள்.

மூலையைப் பற்றி வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியது. அந்த இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்ததாம், மூடியபோது யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லையாம், இப்போது அது காவு கேட்கிறதாம். வெளியூரில் ஆடும்போதும் ஏன் அடிபடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

தேசப்பன் ஆட்டக்காரனே அல்ல. ஏரி வற்றும்போது சேற்றுக்குள் கைவிட்டு விரால் பிடிப்பான். அவன் விரல்களுக்குள் போன மீன் வெளியே போனதில்லை. மாடுகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் ஓட்டுவான். மனிதர்களிடம் அந்த அளவுக்கும் பேசுவதில்லை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நெல் வைத்திருந்தான். தண்ணீர் ஆதிநாராயணனின் பம்ப்செட்டிலிருந்து வர வேண்டும்.

எழுபதாம் வருஷம் பங்குனி வெயிலில் ஒரு நாள் அவன் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது, மோட்டார் ரூமிலிருந்து ஆதிநாராயணன் கூப்பிட்டான்.

"தேசப்பா, மூலைக்கு ஆளு இல்லடா. நீ வா."

"எனக்கு வேணாண்ணா. ஊட்ல ஒத்துக்காது."

"ஊட்ல நான் சொல்லிக்கிறேன். உன் கை மாரி கை இந்தப் பக்கத்துல எவனுக்குக் கீது?"

பேசிக்கொண்டிருந்தவனின் ஒரு கை சுவிட்ச் மேலேயே இருந்தது. வேண்டுமென்று வைத்ததாகவும் இருக்கலாம், வெறுமனே வைத்ததாகவும் இருக்கலாம். தேசப்பன் அந்தக் கையைப் பார்த்தான். காலடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான்.

"சரிண்ணா" என்றான்.

கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முறம் நின்றது.

"போ மாமா. போய் நில்லு. எங்க அண்ணன் படுத்த பாய இன்னும் கொளுத்தல. மூலைல சுருட்டித்தான் வெச்சிகீறேன்."



முதல் ஆட்டத்தன்று ஆதிநாராயணனே பூசாரியை அழைத்துவந்தான். இடது மூலையில் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, குங்குமத்தை மணலோடு குழைத்தார்கள். தேசப்பன் வெறுங்காலில் அதன் மேல்தான் நின்றான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் சுண்டுவிரல் மடங்கிப்போனது. பிறகு புருவம் கிழிந்தது. பிறகு ஒரு பல். ஒவ்வொரு தடவையும் தேசப்பன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு மறுபடியும் மூலைக்குப் போவான். ஒவ்வொரு காயமும் முந்தினதைவிடக் கழுத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது அப்பாவு கேட்டான்:

"காலப் புடிச்சி உழறப்போ உனுக்கு எப்படி கீது?"

"எப்படின்னா?"

"எனுக்கு, பக்கத்துல ஆளே இல்லாத மாரி இருக்கும்டா. அத்த யார்கிட்டயும் சொல்ல முடியல. சொன்னா பைத்தியம்பாங்க."

தேசப்பன் காற்றடித்துக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கன்னியம்மாவிடம் சொன்னான்.  அண்ணன் போனபிறகு சடுகுடு நடக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், அடுத்த ஆட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றாள்.

ஊத்துக்கோட்டையில் ஆட்டம். பெண்கள் உட்கார்ந்த பக்கத்தில் முன்னால் போய் உட்கார்ந்தாள். புருஷனை அவள் பார்க்கவில்லை. ஆட்டம் முழுக்க ஆதிநாராயணனின் கால்களை மட்டுமே பார்த்தாள். அன்றைக்குத் தேசப்பனுக்குத் தாடையில் அடி. சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது, வீங்கிய தாடைக்கு ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள்:

"அந்த எடத்துல கெணறும் இல்ல, பேயும் இல்ல மாமா. உன் பக்கத்துல நிக்கிறவரு வரமாட்றாரு."

"இன்னா வரமாட்றாரு?"

"நீ உழற வரைக்கும் அவரு காலு நகரல. நீ புடிச்சிட்டியா, அவன் திமிர்றானா இல்லியான்னு நின்னு பாக்குறாரு. அவன் கீழ சாஞ்ச அப்பறம்தான் மேல போய் உழறாரு. தப்பிச்சிட்டான்னா பின்னால நகந்துக்குறாரு."

"சும்மா இரு. அவரு தண்ணில சோறு துன்னுகினு அவரையே பேசாத."

"எங்கண்ணன் கழுத்து ஒடஞ்சது அதனாலதான்."

தேசப்பன் மாடுகளை அதட்டினான். அவன் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வந்து அதற்குமுன் அவள் கேட்டதில்லை.

ஆனால் மறுநாள் பயிற்சியில் பாய்ந்த அந்தக் கணத்தில் அவன் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தான். ஆதிநாராயணனின் குதிகால்கள் மணலில் ஊன்றியபடியே இருந்தன. முகம் வெளுத்திருந்தது. வருகிறவனின் முழங்கால் மேலேயே கண் இருந்தது. பார்த்ததைத் தேசப்பன் கன்னியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், சித்திரை. பொன்னேரியில் கடைசி ஆட்டம். எதிரே இரும்பு ஆலைக்காரர்களின் குழு. அவர்களுடைய பாட்டுக்காரன் சுப்பாராயுடு, சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஆள். தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி. முந்தின ஆட்டத்தில் அவன் காலைப் பிடித்தவனைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போயிருந்தார்கள். கூட்டம் அவனைப் பார்த்ததும், எங்கள் இடது மூலையைப் பார்த்தது. கன்னியம்மா கூட்டத்தில் இல்லை. வாசலுக்கு வந்து வழியனுப்பவும் இல்லை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரம் அப்பாவுவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள்.

இரு அணிகளும் கோட்டுக்குள் நின்றாகிவிட்டது. நடுவர் பூவராகவன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விசிலை வாயில் வைத்தார். அப்போது தேசப்பன் மூலையைவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணா, இன்னைக்கி நீ மூலைக்குப் போ. நான் ரெண்டாவதா நிக்கிறேன்."

ஆதிநாராயணன் சிரிக்கப் பார்த்தான். "வெளையாடுறியாடா? சுப்பாராயுடு வரான்."

"அதாண்ணா. பெரிய ஆளு வரான். தலைவன் புடிச்சாத்தான் புடி நிக்கும்."

மற்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் முன்வரிசைக்கும் கேட்டுவிட்டது. யாரோ, "ஆமாண்ணா, நீ நில்லுண்ணா!" என்று கத்தினார்கள். கைதட்டல் எழுந்தது. ஆதிநாராயணன் தேசப்பனின் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். உதட்டை நனைத்துக்கொண்டு மூலைக்கு நடந்தான். அன்றைக்கும் பூசாரி அங்கே உடைத்திருந்த பூசணிக்காயின் சதை அவன் காலில் ஒட்டியது.

சுப்பாராயுடு உடனே வந்துவிடவில்லை. இரண்டு மூன்று தடவை கோட்டைத் தொட்டுவிட்டு, யாரையும் சீண்டாமல் திரும்பினான். மூலையில் நிற்கும் புது ஆள் ஒவ்வொரு தடவையும் கோடு வரைக்கும் பின்வாங்குவதை அவன் கவனித்துவிட்டான். ஆட்டம் முடியும் நேரம், இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது, நேராக அங்கேயே வந்தான். பாட்டு அவன் மூக்கிலிருந்து ரீங்காரமாக வந்தது. ஆதிநாராயணனுக்குப் பின்னால் கோடு. போக இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலில் விழுந்தான். சுப்பாராயுடுவின் மற்ற முழங்கால் அவன் பிடரியைப் பார்த்து உயர்ந்தது.

தேசப்பன் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் போதும். யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மூலைக்கு அது வழக்கம் என்றிருப்பார்கள். கூட்டத்தில் கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்தது "போ மாமா!" என்ற சத்தமா, "வேணாம் மாமா!" என்ற சத்தமா என்று அருகிலிருந்தவர்களுக்கும் புரியவில்லை.

தேசப்பன் உள்ளே பாய்ந்தான். ஆதிநாராயணனின் கழுத்துக்கும் அந்த முழங்காலுக்கும் நடுவில் தன் தோளைக் கொண்டுபோய் வைத்தான். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். சுப்பாராயுடு சாய்ந்தான். மற்ற ஐந்து பேரும் மேலே விழுந்தார்கள். பாட்டு நின்றது. நாங்கள் ஜெயித்தோம்.

ஆதிநாராயணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மணலில் கிடந்தவனிடம் கன்னியம்மாவும் நொண்டிக்கொண்டே அப்பாவுவும்தான் வந்தார்கள்.

எலும்பு கூடியது. ஆனால் வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ஏர் பிடிக்கவும் முடியவில்லை, கட்டுத் தூக்கவும் முடியவில்லை. ஆதிநாராயணன் வெகுநாள் வரவில்லை. வந்த அன்றைக்கு மத்தியானம். கையில் சாத்துக்குடிப் பை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"அன்னைக்கி நீ உள்ள வரமாட்டன்னு நெனச்சேன்டா" என்றான். "நான் சாவட்டும்னுதான் நீ அங்க நிக்க வெச்சன்னு நெனச்சேன்."

"இல்லண்ணா. அங்க நின்னா எப்படி இருக்கும்னு நீ பாக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

கன்னியம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "எங்கண்ணன் உழறப்போ ஏன் வரல நீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "பயம்மா. மனசு போன்னுது, காலு போவல. ஒவ்வொரு வாட்டியும் அடுத்த வாட்டி போயிடலாம்னு நெனப்பேன்."

"அத்த ஊர்ல சொல்லுங்க."

அவன் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். ஊரில் சொல்லவில்லை.

தைப்பொங்கல் வந்தது. ஆதிநாராயணன் தன் பழைய இடத்தில் நின்றான். இடது மூலையில் வரதன் என்ற புதுப் பையன், கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகாதவன். பூசாரி பூசணிக்காயோடு வந்தார். அவர் அதை ஓங்கும் நேரத்தில் கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வரதனை நகர்த்திவிட்டு, அந்த மூலையில் தானே நின்றாள். ஒரு பொம்பளை கோட்டுக்குள் கால் வைத்ததை ஏரிமேடு அதற்குமுன் பார்த்ததில்லை. ஆட்கள் கத்தினார்கள். மண்ணை வாரி வீசினான் ஒருவன். அவள் அசையவில்லை. எத்திராஜ் எப்படி விழுந்தான், அப்பாவு எப்படி விழுந்தான், யார் வரவில்லை என்பதையெல்லாம் சத்தம் போடாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் கேட்டாள்:

"இல்லன்னு சொல்லுங்கண்ணா. நான் போயிடுறேன்."

ஆதிநாராயணன் இல்லையென்று சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்து உதறிக்கொண்டு கோட்டைத் தாண்டி நடந்தான். அதன்பிறகு அவன் ஆடவில்லை. வரதன் அந்த மூலையில் பல வருஷம் ஆடினான். சிராய்ப்பைத் தவிர வேறெதுவும் படவில்லை.

ஆனால் அந்தக் கோடையில், கூலிக்கு ஏர் ஓட்டி நட்டிருந்த தேசப்பனின் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். பக்கத்து வயலில் அதே மோட்டார் தண்ணீர் நாற்றைக் குளிப்பாட்டிக்கொண்டு ஓடியது. கதிர் வைக்கும் முன்பே பயிர் காய்ந்தது. ஊரில் எல்லோருக்கும் ஆதிநாராயணனின் தண்ணீர் வேண்டும். தேசப்பன் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. வரதன்கூட எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினான்.

மாடுகளை விற்றார்கள். விற்கிற இடத்திலும் தேசப்பன் அவற்றிடம் "போய்ட்டு வாங்க" என்றானாம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டில் காவலுக்கு நிற்கக் கை உயர வேண்டியதில்லை என்று அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் வாடகை வண்டியில் பானைகளை அடுக்கிக் கயிறு கட்டிக்கொடுத்தவன் அப்பாவு ஒருவன்தான்.

"திரும்பி வருவீங்களாடா?" என்று கேட்டான்.

தேசப்பன் கன்னியம்மாவைப் பார்த்தான். அவள் கயிற்றின் முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, "வண்டிய ஓட்டச் சொல்லு மாமா, வெயில் ஏறுது" என்றாள்.