கறுப்புக் கரை போட்ட காப்பிப் பொட்டலம்

காப்பித்தூள் கடையில் நிற்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: வாங்க வருகிற ஒவ்வொருவரும் அவனைவிடக் காப்பி தெரிந்தவர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்! எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூர் ஜாலான் புசாருக்குப் பக்கத்துச் சந்தில், முதலாளி காதர் பாய் கடையில் நான் பட்ட பாடு இது.

முகம் தெரிகிற காப்பி

எங்கள் கடைத் தூளும் ஊரில் மற்றக் கடைத் தூள் மாதிரிதான். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருகக் கருக வறுத்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசிய ஜொகூரில் குளுவாங் பக்கம் சவரிமுத்து என்று ஒருவர், சொந்த நிலத்தில் காப்பி போட்டிருந்தார். ஏணி வைத்துப் பறிக்கிற உயரமான மரங்கள், கொட்டையும் பெரிசு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் காப்பியை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டாயிற்று. இவருக்கு மட்டும் மனசு வரவில்லை. "ஒண்ணும் சேர்க்காம, சுத்தமா வித்துக் குடுங்க பாய். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். போகலைன்னா நானும் வெட்டிடறேன்" என்று முதலாளியிடம் கெஞ்சிவிட்டுப் போனார்.

முதல் பொட்டலத்தை, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் மூட்டை தூக்குகிற ஒரு அண்ணனுக்குப் பெருமையாகக் கொடுத்தேன். மறுநாளே பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"பால் ஊத்தாத கோப்பி-ஓன்னா கோப்பையோட அடி தெரியக்கூடாது லா. இதுல என் மூஞ்சியே தெரியுது!"

பலாப்பழ வாசனை

அந்தக் காப்பிக்குப் பிறவியிலேயே லேசான பலாப்பழ வாசனை. லூர்து அக்கா பொட்டலத்தைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை தவறாதவர், வாய்ச்சண்டையும் தவறாதவர். "இதை எது பக்கத்துல வச்சிருந்தே?" என்றார். மரத்தின் குணமே அதுதான் என்று நான் பாடம் நடத்தினேன். யார் என்னை நடத்தச் சொன்னது?

"பலாப்பழம் வேணும்னா தேக்கா மார்க்கெட்டுல வாங்கிக்க மாட்டேனா? எனக்குக் காப்பி குடு தம்பி."

கோட்டும் டையும்

மூட்டை அப்படியே கிடந்தது. கேள்விப்பட்டு சவரிமுத்து அண்ணனே ஒரு யோசனையோடு வந்தார். விளைவித்தவன் முகத்தைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருமாம். ஸ்டூடியோக்காரரின் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு, சிரிக்காமல் விறைப்பாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதைப் பொட்டலத்தின் மேல் அச்சடிக்கக் கொடுத்தோம்; அச்சகத்தில் ஒற்றை மை, அதுவும் கறுப்பு. அச்சுக்காரர் அழகுக்காகச் சுற்றிலும் ஒரு தடித்த கரை வேறு போட்டுவிட்டார். கீழே 'குளுவாங் சவரிமுத்து' என்று பெயர். நம் ஆட்கள் இந்தக் கோலத்தில் பேப்பரில் படம் போடுவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா?

லூர்து அக்கா பொட்டலத்தைக் கையில் எடுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "எத்தனை பிள்ளைங்க?" என்றார். "நாலு" என்றேன். உண்மைதானே. "அடப் பாவமே!" என்று இரண்டு பொட்டலம் வாங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் என் காலை மிதித்தார். அப்புறம் பார்க்க வேண்டுமே, தூள் பறந்தது! முகம் தெரிகிறது என்ற துறைமுக அண்ணன்கூட வந்து வாங்கினார். பலாப்பழ வாசனைக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அடுத்த வாரம் லூர்து அக்கா கண் கலங்கச் சொன்னார்.

"என்ன வாசனை தம்பி! இப்படிப்பட்ட மனுஷனை ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டாரே!"

பூசையில் கேட்ட பெயர்

நவம்பர் வந்தது, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிற மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து அண்ணன் புது மூட்டைகளோடு சிங்கப்பூர் வந்தார். லாரியைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தமிழ்ப் பூசைக்குப் போனவர், பேயறைந்த மாதிரி திரும்பி வந்தார். "மன்றாட்டுல என் பேரை வாசிக்கிறாங்க பாய்! குளுவாங் சவரிமுத்துவோட ஆன்மா இளைப்பாறணுமாம். நானும் கூட்டத்தோட சேர்ந்து, 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்'னு சொல்லித் தொலைச்சிட்டேன்!"

பாய் எல்லாவற்றையும் சொன்னார். படத்தை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார், ஆனால் விற்பனை பழையபடி படுத்துவிடும். அண்ணன் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரறியப் பெயர் வாங்க ஆசைப்பட்ட மனுஷன். "இப்படியே போனா என் மரம் நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றார் பாய்.

"அப்ப நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

ருசி

சொல்லி வாய் மூடவில்லை, கோயிலிலிருந்து நேராக லூர்து அக்கா உள்ளே நுழைந்தார். அண்ணனைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "நீங்க அவரோட தம்பியா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் விட்டத்தைப் பார்த்தேன். "ஆமாம்மா" என்றார். பூசைக்குப் பெயர் கொடுத்தது தான்தான் என்று அக்கா சொல்ல, அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். விளைவித்தவர் அல்லவா, ஆசை யாரை விட்டது? "காப்பி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டே விட்டார். அக்கா மூன்று பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க அண்ணன் இருந்தப்ப இருந்த ருசி இப்ப இல்லை."

மரங்கள் பிழைத்தன; சவரிமுத்து அண்ணன் மட்டும், நான் அந்த வேலையை விடும்வரை, எங்கள் கடைக்குத் தன் தம்பியாகவே வந்து போய்க்கொண்டிருந்தார்.