பச்சை அடித்த காடு

விருதுநகரில் மாரிக்கண்ணனிடம் மட்டும் “டவர் கிடைக்கலை” என்று யாரும் கதைவிட முடியாது. எந்த மேட்டில், எந்தப் பள்ளத்தில் செல்போன் பேசும் என்று கோபுரம் நடுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. கரடு, குன்று மறைத்தால் சிக்னல் இவ்வளவு குறையும், மரம் அடர்ந்தால் இவ்வளவு, வெட்டவெளி என்றால் கவலையில்லை. கிடைக்கும் இடத்துக்கு வரைபடத்தில் பச்சை அடிப்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனைவி அழகுமீனா சாத்தூர்ப் பக்கம் புதிதாக ஒரு பட்டாசு ஆபீசில் சேர்ந்தாள்; பட்டாசு ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் சங்கையாவிடம் கொடுத்துவிட வேண்டும். ஏதாவது என்றால் அழைக்கிறேன், மணி அடித்தால் அவரை எடுக்கச் சொல், அங்கே டவர் நன்றாகக் கிடைக்கும் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லித்தான் அனுப்பினான்.

மூன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு, அந்தப் பக்கம் ஏதோ ஆபீஸ் வெடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அழைத்தான். அதே குரல். வேறு யாராக இருந்தாலும், காட்டுக்குள் டவர் இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். இவனால் முடியவில்லை. அங்கே பச்சை அடித்ததே இவன்தான். சிக்னல் இருந்தும் போன் கிடைக்கவில்லை என்றால் வாசலே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் உள்ளே? வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வழியெல்லாம் இருக்கன்குடி மாரியம்மனிடம் ஒன்றைத்தான் கேட்டான். என் கணக்கு தப்பாக இருக்கட்டும் தாயே.

மண்சாலையில் திரும்பியதும் அவன் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் மண்டிக் கிடந்தது. இரண்டு வருசத்துக்கு முன் அளக்க வந்தபோது மூட்டம் போட்டுக் கரி சுட அத்தனையும் வெட்டியிருந்தார்கள். வெட்டவெளி என்று எழுதிக்கொண்டான். ஒரு மழை பெய்தால் தழைத்துவிடும் மரம் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைக்கவில்லை.

வாசல் அப்படியே நின்றது. அழகுமீனாவும் நின்றாள், முழுசாக. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். வெடித்தது கடைசி அறை மட்டும்தான் என்றாள். பக்கத்து வேப்பமரத்தடியில் யார் மேலோ சேலை போர்த்தியிருந்தது.

“ராக்காயி அக்கா. முக்கா மணி நேரம் உசிரு இருந்துச்சு. ஆம்புலன்சுக்கு எல்லாரும் போட்டுப் பார்த்தோம், ஒரு போனும் போகலை. சங்கையா அண்ணன் ரோட்டுக்கு ஓடுனாரு.” கையை விடுவித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “இங்கன டவர் நல்லா கெடைக்கும்னுதானே சொன்னீக?”