லூர்து அக்காவும் பத்தரை மணிக் கஞ்சியும்

ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது சாந்தம்மா. பொம்மசந்திரா தையல் ஆலையில் என் பக்கத்து மிஷினில் காலர் தைத்தவள். "தனா, லூர்து அக்கா ஹோக்பிட்ரு" என்று கன்னடத்தில் சொன்னாள். உடனே தமிழிலும் சொன்னாள். "அக்கா போயிட்டாங்கடி. விடியக்காலைல மார்வலின்னாங்களாம். ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சி."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அக்காவுக்கு அறுபதுகூட ஆகவில்லை. லிங்கராஜபுரத்தில் அடக்கத்தன்று ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். அந்த ஆலையின் குழந்தைக் காப்பகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்த எல்லாருக்குமாக இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை என் மகள் செல்வியை முதன்முதலாகக் காப்பகத்தில் விட்டேன். அப்போது அவளுக்கு ஒன்றேகால் வயது. ஸ்ரீராம்புரத்திலிருந்து ஐந்தரை மணிக்கே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட லூர்து அக்கா என் பையைத் திறந்து பார்த்தார். ஒரு பன், நான்கு பிஸ்கட், ஃபீடிங் பாட்டிலில் சர்க்கரை போட்ட டீ. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீ காலைல இன்னா சாப்ட்ட?" என்று கேட்டார். டீ என்றேன். "அப்ப முதல்ல உனக்குத்தான் சோறு போடணும்" என்று தன் டப்பாவிலிருந்து அரை உருண்டைக் களியையும் கீரையையும் எடுத்து என் கையில் வைத்தார். ஆலைச் சங்கு ஊதும் நேரம். நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடினேன்.

அக்கா படித்தது எட்டாவது வரைதான். காப்பகத்துக்கு வருமுன் அவரும் தையல்காரிதான். ஆனால் கண்ணால் பார்த்ததை நம்பி நின்றுவிடுகிற ஆள் இல்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பேக்கிங் பிரிவில் சட்டைப் பெட்டிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போவார். நிற்காமல் துள்ளுகிற பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறி, தன் எடையைக் கழித்து நோட்டில் எழுதுவார். என் செல்வி மூன்று மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பயத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. மதிய இடைவேளையில் செல்வியை மடியில் அழுத்திப் பிடித்து, மூக்கை மூடி, வாய் திறந்ததும் சோற்றைத் திணித்தேன். புரையேறி அவள் முகம் சிவந்துவிட்டது. அக்கா வந்து கிண்ணத்தைப் பிடுங்கினார். குழந்தையை முன்பக்கம் சாய்த்து முதுகில் தட்டினார். அவள் மூச்சு விட்டு அழுத பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தட்டுல இன்னா இருக்கணும்னு நீ முடிவு பண்ணு. வயித்துல எவ்ளோ போகணும்னு அவ முடிவு பண்ணட்டும். போலீஸ் வேல பாக்காத."

"சாப்பிடவே மாட்டேங்கறாளே அக்கா!"

"டீயும் பிஸ்கட்டும் உள்ள போனா பசி எப்டி வரும்? அத நிறுத்து. அவ பக்கத்துல உக்காந்து நீயும் சாப்பிடு. பாத்துப் பாத்துதான் வாய் தெறக்கும்."

டீயை நிறுத்தினேன். பாட்டிலுக்குப் பதில் டம்ளர் வந்தது. முதல் வாரம் முழுக்கச் செல்வி அழுதாள். இரண்டாவது வாரம் என் தட்டிலிருந்து ஒரு வாய் கீரைச் சாதத்தைத் தானே எடுத்தாள். பாதி தரையில் சிந்தியது. "சிந்தட்டும். தரைய கழுவிக்கலாம்" என்றார் அக்கா.

அவரும் தப்புச் செய்ததுண்டு. பட்டன் தைக்கும் சரசு வெறும் சோறும் ஊறுகாயும் கட்டிவந்ததைப் பார்த்து, எல்லார் முன்னாலும் "இதுவா புள்ளைக்குக் குடுக்கற சாப்பாடு?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரம் சரசு வீட்டில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் அழுதபடி போய்விட்டாள். மறுநாள் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்ல இன்னா இருக்குதுன்னு கேக்காம வாய வுட்டுட்டேன் சரசு. மன்னிச்சிக்கோ." அதன் பிறகு எந்தத் தாயிடமும் அவருடைய முதல் கேள்வி அதுதான். வீட்ல இன்னா இருக்குது? ராகி மாவு இருக்கிறது என்றால் கஞ்சி. வேர்க்கடலை இருந்தால், "முழுசா குடுக்காத, தொண்டைல சிக்கும். பொடி பண்ணி சோத்துல பெசஞ்சி குடு." எதுவுமே இல்லை என்றால் ஆலைச் சுவரோரம் நின்ற முருங்கை மரத்தைக் கைகாட்டுவார்.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலர் கண்ணால் பார்த்ததுதான். காப்பகத்துக்கு ஆலை கொடுத்தது பிஸ்கட்டும் டீயும் மட்டுமே. பால் கொடுக்கிற தாய்மார்கள்கூட மதியம் வரை மிஷினை விட்டு எழ முடியாது. கஞ்சியும், பத்தரை மணிக்குக் கால் மணி நேர இடைவேளையும் கேட்டு அக்கா அந்த எடை நோட்டோடு மூன்று தடவை மேனேஜரிடம் போனார்.

"இது ஃபேக்டரிம்மா. ஹோட்டல் இல்ல" என்றாராம் அவர்.

"புள்ள பசியில அழுதா, லைன்ல இருக்கறவளுக்குக் கவனம் இங்க இருக்காது சார். ஊசி வெரல்ல ஏறும்" என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்குக் காப்பகத்தில் புதுப் பாய், பொம்மைகள், இரண்டு கூடை நிறைய ஆப்பிளும் வாழைப்பழமும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் ஸ்டோர்ஸ்காரர் கூடைகளைத் திரும்ப எடுக்க வந்தார். கூடையில் தோல்தான் இருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் வாயெல்லாம் பழமாக உட்கார்ந்திருந்தன.

"அது காட்டறதுக்கு வெச்சதும்மா!" என்று பதறினார்.

"பழம் காட்டறதுக்கா, திங்கறதுக்கா? உங்க மேனேஜர கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

மறுநாளே மெமோ வந்தது. அக்காவைக் காப்பகத்திலிருந்து எடுத்து, பிசிறு நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். அவர் யாரையும் கூட்டம் சேர்க்கவில்லை. நாங்களாகத்தான் போனோம். மதிய மணி அடித்ததும் சாந்தம்மா முதலில் எழுந்தாள், பின்னால் நான், சரசு, மற்றவர்கள். ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் நின்றோம். கோஷம் போடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. பிள்ளைகள் மட்டும் பசியில் அழுதன. அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இடைவேளை முடிந்த பிறகும் ஒருத்திகூட நகரவில்லை.

சாயங்காலம் ஆள்விட்டுச் சொன்னார்கள். கஞ்சி உண்டு, பத்தரை மணிக்குக் கால் மணி நேரமும் உண்டு, ஆனால் அக்கா நூல் வெட்டும் இடத்திலேயே இருக்கட்டும் என்று. எங்களுக்குக் கொதித்தது. அக்கா சிரித்தார். "கஞ்சி வந்துச்சில்ல? நான் எங்க இருந்தா இன்னா?" இரண்டு மாதம் நூல் வெட்டினார். பத்தரைக்கு மேஜையிலிருந்து எட்டி, காப்பக அடுப்பில் புகை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். காப்பகத்தில் புதிதாக வைத்தவர் தாங்காமல் வேலையை விட்டுப் போன பிறகு அவரையே திரும்ப அழைத்தார்கள்.

இவ்வளவு செய்தவரின் சொந்த மகனோ பரோட்டா பிரியன். "ஊர்ப் புள்ளைங்க எல்லாம் நம்ம பேச்ச கேக்குது. நம்ம வூட்டுத் துரை கீரைய கண்டா எழுந்து ஓடறான்" என்பார். அதற்காக அவனுக்குத் தனியாகச் சமைத்ததில்லை, அடித்ததுமில்லை. ஒரே சமையல், எல்லாரும் ஒன்றாக உட்கார்வது, டிவியை அணைப்பது. அவ்வளவுதான். அடக்கத்தன்று அந்த மகன் தன் இரண்டு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, பருப்புச் சாதத்தை அவள் கையாலேயே தின்ன விட்டுக் காத்திருந்ததைப் பார்த்தேன்.

நான்கு வருடமாக நான் வேறொரு ஆலையில் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கஞ்சிக்குப் பதில் இனிமேல் பாக்கெட் பிஸ்கட் என்று போன மாதம் அங்கே உத்தரவு வந்தது. அக்காவைப் பார்த்து யோசனை கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் சாந்தம்மாவின் போன் வந்துவிட்டது.

கஞ்சி யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். பிள்ளையிடம் பொறுத்துப்போவதையும், பிள்ளைக்காகக் கேட்கும்போது யாரிடமும் பொறுத்துப்போகாமல் இருப்பதையும்தான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் ஆலை மேனேஜர் அறைக்குப் போய், கஞ்சியை நிறுத்தக் கூடாது என்றேன். மேலே கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்றார்.

"கேளுங்க சார். நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிஸ்கட் இன்றுவரை வரவில்லை. பத்தரை மணிக்குக் கஞ்சிதான்.