முதுகு காட்டும் இடம்

கத்திரி என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குத் தக்கபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. அங்கே அவனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கத்திரி என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முகம் தெரியாதவர்கள். ‘தூரக்கலம்’ என்ற விண்வெளிப் படத்தின் ஐந்து பாகங்களையும் கரைத்துக் குடித்தவர்கள். இணையத்தில் அவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் பாதிப் பேர் படத்தைத் திட்டுவார்கள், மீதிப் பேர் திட்டுகிறவர்களைத் திட்டுவார்கள். கத்திரி மட்டும் படத்தை எடுத்து வெட்டி ஒட்டுவான்.

முதல் மூன்று பாகங்களைப் பற்றி யாருக்கும் பெரிய குறை இல்லை. நாலாவதில்தான் இயக்குநர் சொதப்பிவிட்டார் என்பது குழுவின் தீர்ப்பு. மூன்று படமாக எல்லோரும் உயிராக நினைத்த கப்பல் டாக்டரம்மா, நாலாவதில், கப்பல் கதவு மூடப்போகிற நேரத்தில், வெளியே மாட்டிக்கொண்ட மாலுமியைப் பற்றி, “அவன் வரமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்கிறாள். தெரிந்தால் ஏனம்மா அவனை அனுப்பினாய்? இந்த ஒரு வசனத்தால் முன்னால் வந்த மூன்று படமும் பாழ் என்று, ‘பேராசிரியர்’ என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் சொல்லிவிட்டால் குழுவில் மறுபேச்சு கிடையாது.

நாலாவது பாகத்தைத் திருத்தும் பொறுப்பு கத்திரியின் தலையில் விழுந்தது. விழுந்ததா, இவனே போய்த் தலையைக் கொடுத்தானா என்று கேட்டால், இரண்டும்தான். கடையில் நாளெல்லாம் தேய்ப்பு இயந்திரத்தோடு மாரடித்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கணினி முன்னால் மறுபடி குனிவான். கழுத்து வலிக்கும், கண் எரியும். ஒரு திருத்தம் போட்டால் இசை காதைக் கிழிக்கிறது என்பார்கள். குறைத்தால் காட்சியில் உயிரே இல்லை என்பார்கள். பாராட்டு ஒரு வரி வந்தால் குறை ஒரு பக்கம் வரும். சலித்துப்போகவில்லையா என்றால், எப்போதோ சலித்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் பாடுபட்டதை அப்படியே எப்படி விட்டுவிட்டு எழுந்து போவது?

நடிகை பேசாத வசனத்தைப் படத்துக்குள் நுழைக்க இந்த வெட்டு ஒட்டுக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. அவள் முதுகைக் காட்டி நிற்கிற இடமாகப் பார்த்துப் பிடிப்பார்கள். வாய் தெரியவில்லை என்றால் என்ன வசனத்தை வேண்டுமானாலும் அங்கே வைக்கலாம். டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பி நிற்கிற இடம் ஒன்று வசமாகக் கிடைத்தது. தலையில் கவசம் வேறு. குரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், வானொலியில் வருவதுபோலக் கரகரப்பாக்கிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. புது வசனத்தைப் பேராசிரியரே எழுதிக் கொடுத்தார்: “கதவை மூடாதீங்க. அவன் இன்னும் வரலை.” அதைப் பேச ஒரு பெண் குரல்தான் பாக்கி.

வீட்டிலேயே ஒரு குரல் இருந்தது. அவன் மனைவிக்கு, மின்சாரம் போனால் ஜனங்கள் போன் செய்கிற புகார்ப் பிரிவில் வேலை. காலையில் காதுக்கருவியை மாட்டினால், ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, பதிலுக்குக் குரல் உயர்த்தாமல், “சரி பண்ணிடுவாங்க சார்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றும் அப்படி ஒரு நாளை முடித்துவிட்டு அவள் படியேறி வந்தபோது கத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

“ஒரே ஒரு வரிதான். சொல்லிட்டுப் போயிடு.”

“செருப்பைக் கழட்டவாவது விடுவீங்களா?”

துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே அவள் தலையை விடச் சொன்னான். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும் என்பது அவன் கணக்கு. தலை உள்ளே, உடம்பு வெளியே என்று நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தக் கோலத்துல யாராவது பாத்தா பைத்தியம்னு சொல்லுவாங்க” என்றாள்.

“பேசு, பேசு.”

பேசினாள். இன்னொரு தடவை என்றான். ‘மூடாதீங்க’வில் அழுத்தம் போதாது என்றான். அழுத்திச் சொன்னால் கத்தக் கூடாது என்றான். சிரிப்பு எப்போதோ நின்றுபோய், “நாக்கு ஒட்டிக்குதுங்க” என்று அவள் சொன்னதையும் சேர்த்துப் பதிந்து, அதை வெட்டி எறிந்தான். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அவள் அலமாரியிலிருந்து தலையை எடுத்தபோது இவன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு திரைக்குத் திரும்பியிருந்தான்.

மறுநாள் அவளிடம் ஒரு புதுத் தெம்பு. புகார்ப் பிரிவு முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டாள். “படத்துல என் குரல் வருது” என்று அக்காவுக்குப் போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரலைக் கேட்டு ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். அக்கா, அத்தான், கூட வேலை பார்க்கிற இரண்டு தோழிகள் என்று ஆளுக்கு ஆள் அழைப்பு போனது.

இதற்கிடையில் கத்திரி அந்தக் காட்சியைக் குழுவில் போட்டிருந்தான். வந்ததே பாருங்கள் விமர்சனம்! “யாரந்த அம்மா? எட்டு வீட்டு வேலையை முடிச்சிட்டு வந்து பேசற மாதிரி இருக்கு” என்றது ஒன்று. “அங்க ஒரு உசுரு போகப்போகுது, இவங்களுக்குக் கொட்டாவி வருது” என்றது இன்னொன்று. “குரலில் களைப்பு. தூக்கிவிடவும்” என்று பேராசிரியர் முடித்துவிட்டார். ஓட்டெடுப்பு நடந்தது. குரலுக்கு ஆதரவாக ஒரு ஓட்டு விழுந்தது, அது கத்திரி போட்டது. அது என் மனைவி என்று அவன் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். எழுதினால் அதற்கும் ஒரு விவாதம் கிளம்பும், அதற்கும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே அவனுக்கு அசதியாக இருந்தது. குரலை எடுத்துவிட்டு, கவசத்துக்குள் மூச்சு வாங்குகிற சத்தத்தை மட்டும் வைத்தான். ஆஹா, பிரமாதம் என்றார்கள்.

வீட்டுக்கு மட்டும் குரலோடு ஒன்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தான். யாருக்கும் மனவருத்தம் இல்லை, பிரச்சினை தீர்ந்தது. இந்த வெட்டு ஒட்டுக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடிந்தது என்று நினைத்து ‘கடைசி’ என்று பெயர் வைப்பார்கள். பிறகு ஒரு குறை கண்ணில் படும், திருத்திவிட்டு ‘கடைசிக்கும் கடைசி’ என்பார்கள். கத்திரியின் கணினியில் கடைசிகள் வரிசையாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் போதாமல் கட்டில் மெத்தையை இழுத்துப் போட்டார்கள். தோழிகள் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். “சகலை, எங்க வீட்டு மகாராணிக்கு ஒரு வரிதானா? முழுப் படத்தையும் குடுத்திருக்கலாமே” என்று அத்தான் கிண்டல் செய்தார். அவள் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப வரும், இப்ப வரும்” என்று கையை உயர்த்தினாள். டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பினாள். முதுகு தெரிந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. கதவு மூடியது.

கத்திரிக்கு, எந்தக் கடைசியைப் போட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

“எங்கடி?” என்றாள் அக்கா.

மனைவி திரும்பி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அக்காவிடம், “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அது அடுத்த பாகத்துல வருதாம். அது இன்னும் முடியலை” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள். வந்தவர்கள் குடித்தார்கள், அடுத்த பாகத்துக்கும் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

கத்திரி மெத்தையைத் திரும்ப அறைக்குள் இழுத்துப் போட்டான். அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எடுத்துட்டீங்க, இல்ல?”

“வீட்டுக்குன்னு தனியா வச்சிருந்தேம்மா. மாத்திப் போட்டுட்டேன்.”

“ஓ. ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.” டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். “ஏன், நல்லா இல்லையா?”

“எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவங்கதான் ஒத்துக்கலை.”

“என்னன்னு சொன்னாங்க?”

சொல்லாமல் மழுப்பப் பார்த்தான். அவள் விடவில்லை.

“குரல் களைப்பா இருக்காம்.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் மெத்தை கிடந்த இடத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“களைப்பாத்தான் இருந்தேன்” என்றாள். “அன்னிக்கு மட்டுமில்ல. பாருங்களேன், என்னை யாருன்னே தெரியாத ஜனங்க. ஒரே வரியில அவங்களுக்குக் கேட்டிருக்கு. நீங்க அதைக் காதுல மாட்டிக்கிட்டு எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?”

எத்தனை தடவை என்று கத்திரிக்கே தெரியாது. அவளுக்கு எதிரே அவனும் உட்கார்ந்தான். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

“பின்னாடி இரைச்சல் இருக்கான்னுதான் கேட்டேன்” என்றான்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மிச்ச டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.